கல்லும் கடனும்: தமிழ் நாட்டார் வழிபாடு

மதுரை, தேனி, சிவகங்கைப் பக்கத்து ஊர்களில் ‘சாமி கும்பிடு’ என்ற சொல் கைகூப்பி நிற்கும் ஒரு கணத்தைக் குறிப்பதில்லை. ஊர்க்கூட்டம் போட்டு நாள் குறிப்பது, தலைக்கட்டு வரி பிரிப்பது, பிழைக்கப் போனவர்களுக்குச் சொல்லி அனுப்புவது, காப்புக் கட்டுவது, முளைப்பாரி வளர்ப்பது, கிடா வெட்டுவது, கறிச்சோறு போடுவது, கடைசி நாள் மஞ்சள் நீர் ஊற்றி விளையாடுவது எல்லாம் சேர்ந்ததுதான் சாமி கும்பிடு. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் இதையே ‘கொடை’ என்பார்கள். கொடுப்பது என்ற பொருள் பெயரிலேயே இருக்கிறது.

இந்த வழிபாட்டைப் புரிந்துகொள்ள இரண்டு சொற்கள் போதும்: ஒன்று கடன், மற்றொன்று உறவு. சாமி உண்டா இல்லையா என்ற கேள்வி இங்கே அபூர்வமாகத்தான் எழும். ‘போன வருசம் செஞ்சோமா, இந்த வருசம் என்ன குறை வச்சோம்’ என்பதுதான் வழக்கமான கேள்வி. பெரிய கோயிலுக்குப் போகிறவர் அருளை நாடிப் போகிறார். குலசாமி கோயிலுக்குப் போகிறவர் வீட்டுப் பெரியவரைப் பார்த்து வரப் போவதுபோலப் போகிறார். ரொம்ப நாள் போகாமல் இருந்தால் பெரியவருக்குக் கோபம் வரும். சாமிக்கும் வரும்.

அந்தப் பெரியவர் யார் என்று தேடிப் போனால், பல இடங்களில் ஒரு கல்லில் போய் முடியும். போரில், குறிப்பாக ஆநிரை கவரும் சண்டையிலும் மீட்கும் சண்டையிலும், இறந்தவனுக்குக் கல் நடுவது தமிழரின் மிகப் பழைய வழக்கம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களில் தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்து இருக்கிறது. கூடலூர் ஆகோளில், அதாவது மாடு கவரும் பூசலில், இறந்த ஒருவனுக்கு எழுப்பிய கல் அவற்றுள் ஒன்று. அரசனின் பெருமையோ கொடையோ அதில் இல்லை. இறந்தவன் பெயர், ஊர், பூசல், அவ்வளவுதான்.

தொல்காப்பியம் கல் நடுவதை ஆறு படிகளாகச் சொல்கிறது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது காட்சி, அதை எடுக்கத் தொடங்குவது கால்கோள், நீராட்டுவது நீர்ப்படை, பிறகு நடுதல், படையலிடும் பெரும்படை, இறுதியில் வாழ்த்து. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை என்று அதே வரிசையில் காதைகளுக்குப் பெயர் அமைந்திருப்பது தற்செயல் இல்லை. வீரனுக்கு உரிய சடங்கை, அநீதியாகக் கணவனை இழந்த கண்ணகி என்ற வணிகர் குலப் பெண்ணுக்கு அந்தக் காப்பியம் செய்து பார்க்கிறது. கல் இமயத்திலிருந்து வருகிறது, கங்கையில் நீராடுகிறது. ஆனால் சடங்கின் எலும்புக்கூடு கிராமத்து நடுகல்லுடையதுதான். தமிழக கேரள எல்லையில் கூடலூருக்கு மேலே மலைமேல் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு இன்றும் சித்திரைப் பௌர்ணமி அன்று ஒரு நாள் மட்டும் மக்கள் ஏறிப் போகிறார்கள்.

நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிக் கள் படைத்ததைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. அதியமான் அஞ்சி இறந்தபின் அவன் கல்லுக்கு அப்படிப் படைத்ததைப் பார்த்து ஔவையார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. உயிரோடு இருந்தபோது எதை விரும்பி உண்டானோ அதையே இறந்த பிறகும் கொடுப்பது இந்தப் படையலின் விதி. இன்று கருப்பசாமிக்குச் சுருட்டும் சாராயமும், முனியாண்டிக்குக் கறியும், குழந்தையாக இறந்துபோன தெய்வத்துக்கு முறுக்கும் பொரியுருண்டையும் வைக்கப்படுவதும் அந்த விதியின்படிதான். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த, பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயர். எசமானன் விழுந்த பிறகும் இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. வீரனுக்குச் சமமாக ஒரு நாயின் பெயரையும் கல்லில் வெட்டி வைத்த மனம்தான் இந்த வழிபாட்டின் வேர்.

போர்க்களத்தில் இறந்தவரோடு இது நிற்கவில்லை. முறையாக வாழ்ந்து முடிக்காமல் போனவர்கள், கொல்லப்பட்டவர்கள், தற்கொலைக்குத் தள்ளப்பட்டவர்கள், பிரசவத்தில் இறந்தவர்கள், திருமணத்துக்கு முன்பே மறைந்த கன்னிகள் எல்லோரும் தெய்வமாகிறார்கள். தென்மாவட்ட வீடுகளில் அப்படி இறந்த பெண்ணுக்கு ஓலைப்பெட்டியிலோ தகரப்பெட்டியிலோ சிற்றாடையும் வளையலும் வைத்துக் கும்பிடும் வழக்கம் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை பழைய துணியை எடுத்துப் புதுத்துணி வைப்பார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் கன்னிக்குத்தான் துணி எடுப்பார்கள். அவளுக்குக் கிடைக்காமல் போன கல்யாணத்தை நினைத்துச் செய்வது அது.

விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது. பஞ்ச காலத்தில் அண்ணன் வீட்டைத் தேடி வந்து, அண்ணி விரட்டிவிட, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தவள் அவள். கதையாகக் கேட்டால் பரிதாபமாக இருக்கும். அவளைத் தெய்வமாகக் கும்பிடும்போது அதே கதை ஒரு சமூகத்தின் குற்ற ஒப்புதலாக மாறிவிடுகிறது. பசித்து வந்தவளுக்குச் சோறு போடாதது மன்னிக்க முடியாத பாவம் என்பதை எந்த நீதி நூலையும்விடப் பலமாக அந்தக் கோயில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சாதி மீறிக் காதலித்ததால் சாவைச் சந்தித்தவர்களின் வரிசை இன்னும் கனமானது. மதுரை வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான். ஆரியமாலையை விரும்பிய காத்தவராயன் கழுவேறினான். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றங்கரையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் முத்துப்பட்டன் பிராமணன். தோல் தொழில் செய்த குடும்பத்துப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, அவர்கள் தகப்பனின் மாட்டை மீட்கப் போன இடத்தில் உயிர்விட்டவன். அவன் கதைப்பாடலை நா. வானமாமலை பதிப்பித்தார். ஆடி அமாவாசைக்கு அங்கே கூடும் கூட்டம் அவனுக்குத் தோல் செருப்பைக் காணிக்கையாக வைக்கிறது. வழக்கமாகச் சந்நிதி வாசலிலேயே கழற்றி விடவேண்டிய செருப்பு, இங்கே சாமியின் காலடியில் கிடக்கிறது. பெண்ணெடுக்கும்போது அவன் செருப்புத் தைத்துக் காட்டினான் என்ற கதையை அந்தக் காணிக்கை ஆண்டுதோறும் திரும்பச் சொல்கிறது.

இப்படிக் கொல்லப்பட்டவர்களை ஏன் கும்பிட்டார்கள்? பயம் ஒரு காரணம். அகாலத்தில் போன உயிர் அலையும், கொன்றவன் வீட்டில் நோயாகவும் வறட்சியாகவும் வந்து நிற்கும் என்ற அச்சம் பல கதைகளில் வெளிப்படையாகவே இருக்கிறது. கொன்றவர்களின் வாரிசுகளே பூசை போடும் கோயில்களும் உண்டு. ஆனால் பயத்தை மட்டும் சொல்லி முடித்துவிட்டால் விளக்கம் பாதியில் நிற்கும். உயிரோடு இருந்தபோது கிடைக்காத நியாயத்தை இறந்த பிறகாவது கொடுத்துவிட வேண்டும் என்ற தவிப்பு இந்த வழிபாட்டில் இருக்கிறது. அந்த நியாயம் பாதி நியாயம்தான் என்பதையும் மறைக்கக் கூடாது. முத்துப்பட்டனைக் கும்பிடுகிற ஊர்களிலும் சாதி மாறிய கல்யாணத்துக்கு இன்னும் அரிவாள் எடுக்கிறார்கள்.

குலதெய்வம் என்பது ஒரு பரம்பரைக்கு உரிய சாமி. ஒரே சாமியைக் கும்பிடும் ஒரு சாதியினர் பெரும்பாலும் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஆகவே ‘உங்களுக்கு எந்தச் சாமி’ என்ற கேள்வி பக்தியைப் பற்றியதாகத் தோன்றினாலும், உண்மையில் உறவுமுறையைத் தெரிந்துகொள்ளக் கேட்பது. குழந்தைக்கு முதல் மொட்டை, காதுகுத்து, கல்யாணத்தின் முதல் பத்திரிகை எல்லாம் அங்கேதான். கல்யாணமான பெண் புகுந்த வீட்டுச் சாமியைத் தன் சாமியாக ஏற்கிறாள். இருந்தும் பிறந்த வீட்டுச் சாமிக்கு ரகசியமாக ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வைக்காத பெண்கள் குறைவு.

போகும் நாள் ஊருக்கு ஊர் மாறும். தென்கோடி மாவட்டங்களில் பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலைத் தேடிப் போவார்கள். மதுரை வட்டாரத்தில் மாசி மகா சிவராத்திரிதான் குலசாமி நாள். அன்று இரவு சாமிப்பெட்டியைச் சுமந்து பூசாரிகள் ஊரிலிருந்து கோயிலுக்குப் போவது உசிலம்பட்டிப் பக்கத்தில் பெரிய காட்சி. சாமியின் நகையும் துணியும் ஆயுதமும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும். கோயிலில் ஒரு சாமி மட்டும் இருப்பது அபூர்வம். இருபத்தோரு பந்தி, அறுபத்தோரு சேனை என்று ஒரு கூட்டமே இருக்கும். ஒவ்வொரு பீடத்துக்கும் ஒரு சாதி, ஒரு வகையறா, ஒரு பூசை முறை என்று உரிமை உண்டு. சில பீடங்களுக்குக் கிடா, சிலவற்றுக்குச் சர்க்கரைப் பொங்கல் மட்டும். அசைவப் படையல் நடக்கும்போது சைவ சாமிக்குத் திரை போட்டுவிடுவார்கள். ஒரே வீட்டில் சாப்பாட்டுப் பழக்கம் வேறான இருவர் வாழ்வதுபோல, சண்டையில்லாமல் நடக்கும் ஏற்பாடு அது.

கொடையோ சாமி கும்பிடோ தொடங்குவது காப்புக் கட்டுவதிலிருந்து. காப்புக் கட்டியபின் ஊரைவிட்டு இரவு தங்கப் போகக் கூடாது, கல்யாணம் காட்சி கூடாது. ஊர் முழுவதும் ஒரே வீடாகி, அந்த வீட்டில் ஒரு விருந்தாளி தங்கியிருப்பதுபோன்ற நாட்கள் அவை. முளைப்பாரி பெண்களின் பொறுப்பு. நவதானியத்தை மண்சட்டியில் எருவிட்டுத் தூவி, வெயில் படாத அறையில் வைத்து, தினம் தண்ணீர் தெளித்துக் கும்மிப் பாட்டுப் பாடி வளர்ப்பார்கள். இருட்டில் வளர்வதால் பயிர் வெளிர் மஞ்சளாக, நெடுநெடுவென்று எழும்பும். அது எப்படி வளர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து அந்த வருட வெள்ளாமையைச் சொல்வார்கள். விதையின் முளைப்புத் திறனைச் சோதித்த பழைய உழவர் வழக்கம் சடங்காக மிஞ்சியது என்று விளக்குவோரும் உண்டு. கடைசி நாள் தலையில் சுமந்து போய்க் கண்மாயில் கரைப்பார்கள்.

அருள் வருவது இந்த வழிபாட்டின் உச்சம். பெரிய கோயிலில் மந்திரம் வழியாகவும் அர்ச்சகர் வழியாகவும் பேசவேண்டிய சாமி, இங்கே மேலும் கீழும் மூச்சு வாங்கும் ஒரு மனித உடம்பில் ஏறி நேருக்கு நேர் பேசுகிறது. உறுமியும் பம்பையும் வேகம் கூட்ட, தெற்கே வில்லுப்பாட்டுக்காரர் சாமியின் கதையில் சாவுக் கட்டத்தைத் தொடும்போது, சாமியாடிக்கு இறங்கும். ‘யாரு வந்திருக்கிறது’ என்று ஊர்ப் பெரியவர் கேட்பார். வந்த சாமி பெயர் சொல்லியாக வேண்டும். பொய்யருள் என்று சந்தேகம் வந்தால் சோதிப்பார்கள். வீட்டில் குரலை உயர்த்தாத மருமகள் அருள் வந்த நேரத்தில் மாமனாரைப் பெயர் சொல்லி அழைத்து, ‘என்னை ஏன்டா மறந்தே’ என்று கேட்கலாம். மாமனார் கைகட்டி நின்று பதில் சொல்வார். திருநீறு வாங்கிக்கொள்வார். மறுநாள் எல்லாம் பழையபடிதான். ஆனாலும் அந்த வீட்டில் எது சரியில்லை என்பது ஊர் நடுவில் ஒருமுறை சொல்லப்பட்டுவிட்டது.

நேர்த்திக்கடன் என்ற சொல்லிலேயே கடன் வந்துவிடுகிறது. கண்நோய் தீர்ந்தால் வெள்ளிக் கண்மலர், பிள்ளை பிறந்தால் கரும்புத் தொட்டில், உடம்புக் கட்டி கரைந்தால் உப்பும் மிளகும், பெரிய கண்டத்திலிருந்து தப்பினால் தீமிதி. பேச்சு இருதரப்புக்கும் பொருந்தும் ஒப்பந்தமாகவே இருக்கும். விருத்தாசலத்துக்கு அருகில் கொளஞ்சியப்பர் கோயிலில் இது எழுத்து வடிவத்தையே எடுத்துவிட்டது. குறையைத் தாளில் மனுவாக எழுதி, பூசை செய்து, முனியப்பர் சந்நிதி வேலில் கட்டுவதற்குப் ‘பிராது கட்டுதல்’ என்று பெயர். நீதிமன்றத்துச் சொல் அப்படியே சாமியிடம் வந்திருக்கிறது. அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்கு உருவம் கிடையாது. சாத்திய பெருங்கதவுக்குத்தான் சந்தனமும் மாலையும். அந்தக் கதவுக்கு முன்னால் பொய்ச்சத்தியம் செய்ய மதுரை வட்டாரத்தில் யாருக்கும் துணிவு வராது. சொத்துத் தகராறும் களவுப் பிராதும் அந்தப் படியில் முடிந்த காலம் உண்டு.

கடன் ஒருவழிப் பாதையாகவும் இருப்பதில்லை. சமயபுரம் மாரியம்மன் மாசி கடைசி ஞாயிறு முதல் பங்குனி கடைசி ஞாயிறு வரை இருபத்தெட்டு நாள் மக்களுக்காகத் தானே பட்டினி இருக்கிறாள். அந்த நாட்களில் அவளுக்குச் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர்தான். பக்தருக்காகச் சாமி விரதம் இருக்கும் இந்த எண்ணம், வெயில் கொளுத்தும் காலத்தில் அம்மையில் கிடந்த பிள்ளையின் பக்கத்தில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த தாய்மாரிடமிருந்து வந்ததாகவே தோன்றுகிறது. பெரியம்மை இந்தியாவில் 1975-க்குப் பிறகு இல்லை. உலகிலிருந்தே ஒழிந்ததாக 1980-இல் அறிவிக்கப்பட்டது. நோய் போனபின் நோய்த் தெய்வமும் போய்விடும் என்று நினைத்தவர்களுக்கு மாரியம்மன் விடை கொடுத்துவிட்டாள். பெயரிலேயே மாரி, அதாவது மழை, இருக்கிறதே. ஆடிக் கூழும் வேப்பிலையும் இன்னும் இருக்கின்றன.

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்தில் அய்யனாருக்குக் குதிரை எடுக்கும் புரவி எடுப்பு தனியாகச் சொல்லத் தக்கது. ஊரார் கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்துக் குயவரான வேளாரிடம் கொடுப்பதுதான் தொடக்கம். ‘பிடிமண் கொடுத்தாச்சு’ என்றால் விழா முடிவாகிவிட்டது என்று பொருள். வேளார் அந்த மண்ணைத் தன் களிமண்ணோடு கலந்து, கால்களை உருளையாக எழுப்பி, வயிற்றைச் சுற்றிலும் வளர்த்து, கழுத்தையும் தலையையும் பொருத்தி, வைக்கோலும் வரட்டியும் மூட்டிச் சுடுவார். கண் திறந்த பிறகுதான் அது குதிரை, அதுவரை மண். பல ஊர்களில் செய்பவரே பூசாரியும் ஆவார். சுமந்து போய்க் கோயில் வழியில் நிறுத்திய குதிரைகள் மழையிலும் வெயிலிலும் உடைந்து சாய்ந்து மண்ணாகிவிடும். யாரும் ஒட்டவைப்பதில்லை, அடுத்த முறை புதிதாக எடுப்பார்கள். புதுக்கோட்டை மாவட்டக் குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனாருக்கு முப்பது அடிக்கும் மேலான ஒரு குதிரை நிற்கிறது. மாசி மகத்தன்று காகிதப்பூ மாலைகள் குவிந்து அதன் உடம்பே தெரியாமல் போகும்.

இந்த வழிபாட்டை வெளியிலிருந்து பார்த்தவர்கள் நெடுங்காலம் இதை அச்சமாகவும் இருளாகவுமே எழுதினார்கள். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த கிறித்தவ மதப்போதகர் சீகன்பால்கு, 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வரிசையை எழுதியபோது ஊர்த் தெய்வங்களையும் பொறுமையாகப் பட்டியலிட்டார்; அந்த நூல் 1867 வரை அச்சேறவில்லை. சென்னையின் ஆங்கிலிக்கன் பேராயராக இருந்த ஹென்றி வைட்ஹெட் 1916-இல் தென்னிந்தியக் கிராம தெய்வங்களைப் பற்றித் தனிநூலே எழுதினார். தகவலுக்கு இன்றும் அந்த நூலைப் புரட்டலாம். அதன் தீர்ப்புகளைத் தள்ளிவிட வேண்டும். உள்நாட்டிலும் பார்வை பெரிதாக மாறவில்லை. விலங்கு, பறவைப் பலியைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1950-இலேயே வந்து தூங்கிக்கிடந்தது. 2003-இல் தமிழக அரசு அதைக் கடுமையாக அமல்படுத்த உத்தரவிட்டதும் ஊர் ஊராக மனக்கொதிப்பு. 2004-இல் சட்டமே நீக்கப்பட்டது. கிடா வெட்டுவதை வெறும் கொலையாகப் பார்த்தவர்களுக்கு, வெட்டிய கிடா பங்காளிகளுக்கு முறைப்படி பிரிக்கப்பட்டு ஊருக்கே சோறாவது கண்ணில் படவில்லை.

சட்டத்தால் ஆகாததை வேறொன்று சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. வெட்டவெளியில் மழை நனைந்து நின்ற பீடங்களுக்குச் சிமெண்டுக் கூரையும் கோபுரமும் வருகின்றன. கும்பாபிஷேகம் நடக்கிறது. பெயருக்கு முன்னால் ‘ஸ்ரீ’ சேர்கிறது. காட்டுக்குள் இருந்த கிடாவெட்டு பின்வாசலுக்குத் தள்ளப்பட்டுப் பிறகு நின்றுபோகிறது. அருள் வந்து பேசிய சாமியாடியின் இடத்தில் தட்டோடு ஒருவர் நிற்கிறார். வசதி வந்த குடும்பங்கள் நல்லெண்ணத்தோடுதான் இதைச் செய்கின்றன. ஆனால் செருப்பை ஏற்றுக்கொண்ட சாமி செருப்பை வெளியே விடச் சொல்லும் சாமியாக மாறும்போது ஒரு கதை அங்கே மறைகிறது. இதன் கூடவே, ஊர்ச் சாமிக்கு வரி கொடுத்தும் கோயிலுக்குள் வர முடியாதவர்களாகச் சில தெருக்கள் வைக்கப்பட்டிருப்பதும் தொடர்கிறது. பறையடிக்க அழைக்கப்படுகிறவர் படியேறத் தடுக்கப்படுவது பழமை என்ற பெயரில் காப்பாற்றத் தக்க வழக்கமல்ல. ஒதுக்கப்பட்டு இறந்தவர்களைத் தெய்வமாக்கிய வழிபாட்டுக்கே அது முரண்.

பிடிமண் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. பஞ்சத்தாலோ சண்டையாலோ இடம் பெயர்ந்தவர்கள் குலசாமி இருந்த இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போய்ப் புதிய ஊரில் அதன்மேல் பீடம் போட்டார்கள். தாய்க் கோயில் ஒன்று, பிடிமண் கோயில்கள் பல என்று ஒரு சாமிக்குக் கிளைகள் ஏற்பட்டது இப்படித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூலிகளாகக் கப்பலேறியவர்களோடு இது கடல் தாண்டியது. சிங்கப்பூரில் மாரியம்மன் கோயில் 1827-இலேயே வந்துவிட்டது. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் மலேயா ரப்பர் தோட்டங்களிலும் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பக்கத்தில் மாரியம்மனும் முனீஸ்வரரும் எழுந்தார்கள். 1850-களில் கரும்புத் தோட்ட வேலைக்காகக் கரீபியன் தீவுகளான மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கொண்டுபோகப்பட்டவர்களின் பிள்ளைகள் நாளடைவில் தமிழ் பேசுவதை மறந்தார்கள். பலர் கத்தோலிக்கர் ஆனார்கள். இருந்தும் அந்தத் தீவுகளின் சிறிய கோயில்களில் மாரியம்மனும் மதுரை வீரனும் பிரெஞ்சு வாயில் உருமாறிய பெயர்களோடு இன்றும் இருக்கிறார்கள். பொருள் தெரியாமல் மனப்பாடமாக வந்த தமிழ்ச் சொற்கள் பூசையில் ஒலிக்கின்றன. பறை முழங்குகிறது, பூசாரி அரிவாள்மேல் ஏறி நின்று அருள் சொல்கிறார், கிடா வெட்டப்படுகிறது, வந்தவர்கள் எல்லோருக்கும் இலையில் சோறு பரிமாறப்படுகிறது.